வாடிக்கையாளர் கோப்பில் எழுத்து சிதைந்தால்: அச்சுக்கு முன் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக வந்தால் நான் கவலைப்படுவதில்லை. அந்தக் கோளாறு எவர் கண்ணுக்கும் தெரியும். அச்சுத் தகடான பிளேட் வரைக்கும் போகாது. எனக்குப் பயம், பார்வைக்குச் சரியாக இருந்துவிட்டு அச்சான பிறகு "இந்த வரி எங்கே போச்சு?" என்று கேட்க வைக்கும் கோப்புகள்மேல்தான். அதனால் ஊரைக் கூட்டும் கோளாறில் தொடங்கி, வாயே திறக்காத கோளாறுக்கு வருகிறேன். பிளேட் போட நேரமாகிவிட்டது என்பவர்கள் பின்பாதியை முதலில் படிக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன்

வந்த கோப்பை அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியே வையுங்கள். திருத்தமெல்லாம் இன்னொரு நகலில். அடுத்து, வாடிக்கையாளர் கணினியில் அந்தப் பக்கம் எப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு சாட்சி கேளுங்கள். பிடிஎஃப் கிடைத்தால் நல்லது. திரையைக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்பினாலும் போதும். அது கையில் இல்லாமல் திருத்துகிறவர் யூகத்தில்தான் திருத்துகிறார்.

வந்ததே பிடிஎஃப் என்றால் அக்ரோபாட்டில் திறந்து கன்ட்ரோலும் டியும் அழுத்தி 'ஃபான்ட்ஸ்' பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்கு அருகிலும் 'எம்பெடட்' அல்லது 'எம்பெடட் சப்செட்' என்று இருக்க வேண்டும். சப்செட் என்றால் பக்கத்தில் பயன்பட்ட எழுத்துகள் மட்டும் கோப்புக்குள் வந்திருக்கின்றன. அச்சடிக்க அது போதும். இல்லாத எழுத்து ஒன்றைப் புதிதாகச் சேர்க்கத்தான் போதாது. இரண்டு சொல்லும் இல்லாமல் பெயர் மட்டும் தனியாக நின்றால் எழுத்துரு வரவில்லை. அதன் கீழே 'ஆக்சுவல் ஃபான்ட்' என்ற இடத்தில் வேறு பெயர் தெரிந்தால், அக்ரோபாட் தன் பங்குக்கு ஒரு மாற்று எழுத்துருவைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கிறது. பட்டியல் காலியாக இருந்தால் எழுத்தெல்லாம் கர்வ் ஆக்கப்பட்டிருக்கிறது, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டுருவமாக மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது பக்கமே வெறும் படம்.

கீழே உள்ள எந்தப் பகுதிக்குப் போவது என்பதைப் பெரும்பாலும் இந்த ஒரு பக்கமே சொல்லிவிடும்.

கட்டங்கள், இளஞ்சிவப்புப் பட்டை, 'ஃபான்ட் மிஸ்ஸிங்' எச்சரிக்கை

எழுத்துரு உங்கள் கணினியில் இல்லை, அவ்வளவுதான். பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் அந்த வரிகள் இளஞ்சிவப்புப் பட்டையோடு தெரியும். கோரல்டிரா திறக்கும்போதே மாற்று எழுத்துரு எது என்று ஒரு பெட்டியில் கேட்கும். வேக வேகமாக ஓகே அழுத்திவிட்டு உள்ளே போகிற பழக்கம் நம் தொழிலில் நிறையப் பேருக்கு உண்டு. பாதிச் சேதம் அந்த அழுத்தலில்தான் நடக்கிறது. பெட்டியில் வரும் பெயர்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்டிசைன் கோப்பு என்றால் 'பேக்கேஜ்' செய்து அனுப்பச் சொல்லுங்கள். 'டாகுமென்ட் ஃபான்ட்ஸ்' என்ற கோப்புறை கூடவே வரும். அது இன்டிசைன் கோப்பின் பக்கத்திலேயே இருந்தால் கணினியில் நிறுவாமலேயே அந்த ஆவணத்துக்கு மட்டும் எழுத்துருக்கள் வேலை செய்யும். அடோபி ஃபான்ட்ஸ் சேவையிலிருந்து எடுத்த எழுத்துருக்கள் மட்டும் பேக்கேஜில் சேராது. அவற்றை உங்கள் அடோபி கணக்கில் நீங்கள்தான் இயக்கிக்கொள்ள வேண்டும்.

எழுத்துரு வந்தும், நிறுவியும், 'மிஸ்ஸிங்' என்றே சொல்கிறதா? அது டைப் 1 என்ற பழைய எழுத்துரு வடிவமாக இருக்கலாம். அடோபி 2023 ஜனவரியோடு தன் மென்பொருள்களில் டைப் 1 ஆதரவை நிறுத்திவிட்டது. ஃபோட்டோஷாப்பில் அதற்கும் முன்பே, 2021-இல். பழைய கணினி ஒன்றில் பழைய பதிப்பை வைத்துத் திறந்து பிடிஎஃப் எடுப்பது ஒரு வழி. அதே எழுத்துருவை இப்போதைய வடிவமான ஓப்பன்டைப்பில் வாங்குவது இன்னொரு வழி, ஆனால் வரிகள் நகர்ந்திருக்கின்றனவா என்று மறுபடி மெய்ப்புப் பார்க்க வேண்டும்.

வேறு எழுத்துருவைப் போட்டே ஆக வேண்டுமென்றால் வாடிக்கையாளரின் ஒப்புதலை எழுத்தில் வாங்கிக்கொண்டு, 'ஃபைண்ட் ஃபான்ட்' பெட்டி வழியாக மாற்றுங்கள். அதில் ஸ்டைலையும் (பெயரிட்டுச் சேமித்த எழுத்து அமைப்பு) சேர்த்து மாற்றும் தேர்வு ஒன்று இருக்கிறது, அதை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியும் எழுத்து மாறும், ஸ்டைல் பழையதாகவே கிடக்கும். அடுத்த திருத்தத்தில் யாராவது அந்த ஸ்டைலைத் தட்டியதும் பழைய கோளாறு உயிர்பெற்றுவிடும்.

வரி வரியாகக் கேள்விக்குறி

கட்டம் என்றால் எழுத்து உள்ளே இருக்கிறது, காட்டுவதற்கு உருவம் இல்லை. கேள்விக்குறி அப்படி இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுத் தரமான யூனிகோடு தெரியாத மென்பொருளில் யூனிகோடு தமிழை ஒட்டும்போது ஒவ்வொரு எழுத்தும் நிஜமாகவே கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்டுவிடும். 2001-இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோன பேஜ்மேக்கர் இந்த ரகம். எந்த எழுத்துருவைப் போட்டாலும் அந்த வரிகள் திரும்பாது. நேரத்தை வீணாக்காமல் மூல மேட்டரை, அதாவது முதலில் அடித்த உரையை, கேட்டு வாங்குங்கள்.

தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியல்

தமிழ்க் கோப்புகளில் அதிகம் வரும் தலைவலி இது. யூனிகோடுக்கு முன் வந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களைக் குந்தவைத்தன. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரியும் சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு போனதும் வேடம் கலைந்துவிடுகிறது. 1999-இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களை (எந்த எழுத்துக்குக் கணினியில் எந்த எண் என்ற ஏற்பாடு) அறிவித்தது. 2010-இல் யூனிகோடையும் டேஸ்16-ஐயும் ஏற்றது. இடையில் டிஸ்கி இருந்தது, ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சொந்தமாக ஒரு குறியாக்கமும் இருந்தது. இத்தனையும் வாடிக்கையாளர்களின் பழைய கோப்புகளில் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

எந்தக் குறியாக்கம் என்று தெரிந்துகொள்ள நான் செய்வது: ஒரு பத்தியைத் தேர்ந்தெடுத்து ஏரியல் எழுத்துருவுக்கு மாற்றுவேன். சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறைய அரைப்புள்ளிகளும் தெரிந்தால் பாமினி வகை. தலையில் கூரையும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், பின்னக் குறிகள் எல்லாம் கலந்து வந்தால் டிஸ்கி, டாம், டாப் போன்ற எட்டுபிட் வகைகளில் ஒன்று. தமிழாகவே நின்றால் யூனிகோடு. வெறும் கட்டங்களானால் டேஸ்16 ஆக இருக்க வாய்ப்பு உண்டு. அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருப்பதால் அதற்கென்று செய்த எழுத்துரு இல்லாமல் எதுவும் தெரியாது.

அடுத்த கேள்வி, மாற்றுவதா வேண்டாமா. ஒரே முறை அச்சடித்துவிட்டு மறக்கப்போகிற துண்டறிக்கைக்கு அதே பழைய எழுத்துருவைத் தேடிப் போட்டு, பிடிஎஃப் எடுத்து முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. மறுபதிப்பு வரப்போகும் புத்தகத்துக்கு அவர்கள் சொல்வது சரி.

மாற்றுவதென்றால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் அதில் கொட்டாதீர்கள். மேட்டருக்கு நடுவே இருக்கும் நிஜ ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டின் தேடல் பெட்டியில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினியில் இருக்கும் பகுதிகளை மட்டும் பிரித்து மாற்றுங்கள். மாற்றியபின் பக்க எண்ணிக்கை மாறுவதற்கும் தயாராக இருங்கள். பழைய எழுத்துருவின் 12 புள்ளியும் யூனிகோடு எழுத்துருவின் 12 புள்ளியும் தாளில் ஒரே உயரம் இருப்பதில்லை.

கொம்பு இடம் மாறி நிற்கிறது, புள்ளிவட்டம் தெரிகிறது

யூனிகோடில் 'கெ' என்பது முதலில் 'க', பிறகு ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்காதபோது கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் எழுத்துக்கு வலப்பக்கம் தொங்கும். எழுத்துருவை மாற்றிப் பயனில்லை.

இன்டிசைனில் பத்தி அமைப்பை 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்று மாற்றினால் சரியாகிவிடும். 2012-இல் வந்த சிஎஸ்6 முதல் இது இந்திய எழுத்துகளுக்கு வேலை செய்கிறது. பத்தி பத்தியாக மாற்றாமல் பாராகிராஃப் ஸ்டைலில் மாற்றுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் டைப் விருப்பங்களில் இந்திய எழுத்துக்கான தேர்வை இயக்கிவிட்டு, தெற்காசிய எழுத்துக்கான கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபோட்டோஷாப்பிலும் டைப் விருப்பங்களுக்குள்தான் அது இருக்கிறது. ஏற்கெனவே அடித்து வைத்த லேயரில் மாற்றம் தெரியாவிட்டால் புதிய லேயரில் எழுத்தை ஒட்டிப் பாருங்கள்.

புள்ளியால் வரைந்த சின்ன வட்டத்தோடு துணைக்காலோ கொக்கியோ தனியாக நின்றால், அதற்கு முன்னால் உயிர்மெய்க்கான எழுத்து இல்லை. நடுவில் வெற்றிடம் விழுந்திருக்கும், அல்லது ஒரே குறி இரண்டு முறை அடிக்கப்பட்டிருக்கும். அழித்து ஒருமுறை சரியாக அடித்தால் தீர்ந்தது.

பிடிஎஃபிலிருந்து மேட்டரை நகலெடுத்து வேர்டில் ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் கொம்பும் காலும் வரிசை கலைந்து கிடக்கும். பிடிஎஃபுக்கு உருவம் தெரியும், எந்த உருவம் எந்த எழுத்து என்ற கணக்கு பல கோப்புகளில் அரைகுறையாகத்தான் இருக்கும். இரண்டு பத்தி என்றால் கையால் அடித்துவிடலாம். நூறு பக்கத்தைக் கையால் திருத்த உட்கார்ந்தால் திருத்திய பிழைக்கு ஈடாகப் புதுப்பிழை சேரும். மூலக் கோப்பு வேண்டும் என்று கறாராகக் கேளுங்கள்.

அங்கங்கே ஓர் எழுத்து மட்டும் தவறு

இங்கிருந்துதான் அமைதியான கோளாறுகள். ஒருமுறை ஒரு சிறப்பு மலரில் பத்திகளின் முதல் சொல் மட்டும் வினோதமாக இருந்தது. 'மரம்' என்பது 'முரம்', 'மலர்' என்பது 'முலர்'. தட்டச்சுப் பிழை என்று நினைத்து நாங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தினோம். ஆறேழு பக்கம் தாண்டிய பிறகுதான் உறைத்தது: எல்லாப் பிழையும் வாக்கியத்தின் முதல் எழுத்தில்.

பாமினியில் சிறிய கே என்றால் 'ம', பெரிய கே என்றால் 'மு'. வேர்டு அதை ஆங்கிலம் என்று நினைத்து, வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கிவிட்டது. எழுத்தர் மேல் குற்றமே இல்லை. மேட்டர் ஏறும் கணினியில் ஆட்டோ கரெக்டை நிறுத்திவைப்பதுதான் மருந்து. ஏற்கெனவே மாறியதை மெய்ப்புப் பார்த்துத்தான் எடுக்க முடியும். பத்தி முதல் எழுத்துகளை மட்டும் ஒரு தடவை தனியாக ஓட்டிப் பாருங்கள்.

இதற்கு இரண்டு பங்காளிகள் உண்டு. தலைப்புக்கு 'ஆல் கேப்ஸ்' கொடுத்திருந்தால் பாமினி 'மரம்' முழுச் சொல்லும் உருக்குலைந்துவிடும். ஸ்டைலில் அதை எடுத்துவிட்டால் போதும், மூல எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கும். ஆங்கில ஹைஃபனேஷன் இயங்கிக்கொண்டிருந்தால் சொல் உடையக்கூடாத இடத்தில் உடைந்து, கொம்பு இந்த வரியிலும் எழுத்து அடுத்த வரியிலும் போய் நிற்கும். இன்டிசைனில் அந்த ஸ்டைலின் மொழியை 'நோ லாங்குவேஜ்' என்று வைத்து, ஹைஃபனேஷனை நிறுத்துங்கள்.

யூனிகோடு மேட்டரிலும் ஒன்று உண்டு. 'கௌ' என்று வர வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பும் 'ள'வும் சேர்த்து 'கெள' என்று அடித்திருப்பார்கள். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எழுத்துரு மாற்றும்போதோ எழுத்து இடைவெளி கூட்டும்போதோ பல்லிளிக்கும்.

தடித்த எழுத்து அடைத்துக்கொண்டு அச்சாகிறது

எழுத்துருவில் போல்டு பதிப்பே இல்லாதபோது வேர்டில் 'பி' பொத்தானை அழுத்தினால், வேர்டு சாதாரண எழுத்தையே ஊதிப் பெருக்கிக் காட்டும். சாய்வும் அப்படித்தான். தமிழில் சுழிகள் அதிகம். சின்ன அளவில் 'ணை', 'ஞ', 'ஐ' எல்லாம் உள்ளே மை நிரம்பி ஒரு பொட்டாகிவிடும். இன்டிசைன் இப்படிப் பொய்த்தடிமன் செய்யாது, எழுத்துரு இல்லை என்று சொல்லிவிடும். அதனால் வேர்டிலிருந்து இன்டிசைனுக்கு மேட்டர் வந்ததும் போல்டு எல்லாம் இளஞ்சிவப்பானால் அது உங்கள் நல்ல காலம். நிஜமான போல்டு பதிப்பு உள்ள எழுத்துருவைப் போடுங்கள், அல்லது அந்த வலியுறுத்தலை அளவிலோ நிறத்திலோ காட்டச் சொல்லுங்கள்.

எழுத்தின் ஓரம் பிசிறு, மங்கல்

பிடிஎஃபை 800 சதவீதத்துக்குப் பெரிதாக்குங்கள். ஓரம் வழவழப்பாக இருந்தால் எழுத்து, படிக்கட்டாக இருந்தால் படம். செயலியில் வடிவமைத்து ஜேபெக்காகச் சேமித்ததாக இருக்கலாம். வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பியதாக இருக்கலாம். டாகுமென்டாக அனுப்பினால் சுருங்காது.

அதிகம் பேர் கவனிக்காத காரணம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு எழுத்துருவுக்குள்ளும் 'என்னைக் கோப்பில் பதிக்கலாமா' என்ற அனுமதிக் குறி இருக்கிறது. பதிக்கக்கூடாது என்று குறி இருந்தால், வேர்டின் பிடிஎஃப் விருப்பங்களில் உள்ள ஒரு தேர்வு அந்த எழுத்தைப் படமாக மாற்றிவிடும். மற்ற வரிகள் கூர்மையாகவும் ஒரே ஒரு தலைப்பு மட்டும் பிசிறாகவும் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். உரிமத்தோடு கூடிய பதிப்பை வாங்குவதோ வேறு எழுத்துருவுக்குப் போவதோ தவிர வேறு குறுக்குவழி இல்லை.

கருப்பு எழுத்தைச் சுற்றி வண்ண நிழல்

வேர்டு, பவர்பாயின்ட் கோப்புகளில் கருப்பு என்பது ஆர்ஜிபி கருப்பு, திரைக்கான சிவப்பு-பச்சை-நீல முறையில் குறித்தது. அச்சுக்கு மாற்றும்போது அது நான்கு மைகளாகப் பிரிகிறது. மைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பதிவு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்துக்கு நிழல் முளைக்கும். அக்ரோபாட்டின் 'அவுட்புட் பிரிவியூ'வில் கருப்பு மையை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து முழுவதும் மறைந்துவிட வேண்டும். பேய்போல ஏதாவது மிச்சம் நின்றால், பிரீஃபிளைட் (அச்சுக்கு முந்தைய சோதனை) திருத்தங்கள் மூலம் அதை நூறு சதவீத ஒற்றைக் கருப்பாக்குங்கள்.

எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் வரிகள் நகர்ந்திருக்கின்றன

நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். விண்டோஸ் 10-இல் லதா எழுத்துரு இயல்பாக இருப்பதில்லை. தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுப்பைத் தனியாகச் சேர்த்தால்தான் வரும். பழைய கணினியில் லதாவில் அடித்த வேர்டு கோப்பைப் புதிய கணினியில் திறந்தால் வேறொரு எழுத்துரு, பெரும்பாலும் நிர்மலா, சத்தமில்லாமல் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். தமிழ் அழகாகவே தெரியும். எழுத்துருப் பெட்டியில் 'லதா' என்றே எழுதியிருக்கும். எழுத்தின் அகலம் மட்டும் வேறு. பதினெட்டாம் பக்கத்தின் கடைசி வரி பத்தொன்பதுக்கு ஓடும், பொருளடக்கத்தின் எண்கள் பொய்யாகும், அட்டவணைக் கட்டத்தில் கடைசிச் சொல் அடியில் புதைந்து மறையும்.

கண்டுபிடிக்க, தொடக்கத்தில் கேட்டு வாங்கிய சாட்சிப் பிடிஎஃபை எடுங்கள். மொத்தப் பக்க எண்ணிக்கை, பிறகு ஒவ்வொரு பக்கத்தின் கடைசிச் சொல், இரண்டையும் ஒப்பிடுங்கள். படிக்கத் தேவையில்லை, கடைசிச் சொல் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்த்தால் சீக்கிரம் முடியும். அட்டவணைகளையும் எழுத்துப் பெட்டிகளையும் மட்டும் முழுதாகப் பார்க்க வேண்டும்.

நகர்ந்திருந்தால் எழுத்தைச் சுருக்கி உள்ளே திணிக்காதீர்கள். லதாவை நிறுவித் திறங்கள். அல்லது வாடிக்கையாளரின் கணினியிலேயே பிடிஎஃப் எடுக்கச் சொல்லுங்கள். வேர்டு கோப்பாகவே வேண்டுமென்றால், சேமிக்கும் விருப்பங்களில் எழுத்துருவைக் கோப்போடு பதிக்கும் தேர்வை இயக்கச் சொல்லலாம். அதற்கும் எழுத்துருவின் அனுமதி வேண்டும்.

திரையில் சரி, பிளேட்டில் தவறு

ஒரே பெயரில் இரண்டு எழுத்துருக்கள். தமிழில் இது சகஜம்: ஒரே பெயர், இரண்டு குறியாக்கம், அல்லது இரண்டு பதிப்பு. பிடிஎஃபில் சப்செட் எழுத்துருவின் பெயருக்கு முன்னால் ஆறு பெரிய எழுத்துகளும் ஒரு கூட்டல் குறியும் சேர்வது இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கத்தான். முழுதாகப் பதித்த எழுத்துருவுக்கு அந்தக் காவல் இல்லை. பல இடங்களிலிருந்து வந்த விளம்பரப் பிடிஎஃப்களை ஒரே பக்கத்தில் அடுக்கும்போது, பழைய ரிப் (பக்கத்தைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் மென்பொருள்), ஓர் எழுத்துருவின் உருவத்தை இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் அந்த ஒரு விளம்பரத்தை மட்டும் கர்வ் ஆக்கி வையுங்கள். அச்சுக்கான பிடிஎஃப்/எக்ஸ் தரத்தில் கேட்டு வாங்கினால் எழுத்துரு பதிந்திருக்கிறதா என்ற பாதிக் கவலை குறையும். அந்தத் தரத்துக்கு எல்லா எழுத்துருவும் பதிந்தே இருக்க வேண்டும்.

"கர்வ் பண்ணித்தானே அனுப்பினேன்!"

கோரலில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. பலருக்கு இதுதான் சர்வரோக நிவாரணி. அட்டை, லோகோ, ஒற்றைப் பக்கச் சுவரொட்டிக்கு நல்லதே. இன்டிசைனில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து அவுட்லைன் ஆக்கும்போது தானியங்கிப் பொட்டுகளும் வரிசை எண்களும், அடிக்கோடுகளும், பத்திக்கு மேலும் கீழும் இட்ட கோடுகளும் மறைந்துவிடும். அந்தப் பட்டியலுக்குப் புள்ளியே இல்லையே என்று சாட்சிப் பிடிஎஃபைப் பார்த்தால்தான் தெரியும். கர்வ் ஆன எழுத்தில் ஒரு புள்ளிகூடத் திருத்த முடியாது. ஆகவே திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கூடவே வாங்கி வையுங்கள். புத்தகம் முழுவதையும் கர்வ் ஆக்கி அனுப்பினால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வாடிக்கையாளருக்கு எழுதும்போது

"உங்கள் ஃபைலில் ஃபான்ட் பிரச்சினை" என்று ஒற்றை வரி போட்டால், "எங்க சிஸ்டத்தில் நல்லாத்தான் இருக்கு" என்று பதில் வரும். அவர் சொல்வதும் உண்மைதான். நான் அனுப்புவது இப்படி இருக்கும்:

"வணக்கம். உங்கள் கோப்பில் 4, 11, 18 ஆம் பக்கங்களில் எழுத்துகள் எங்கள் கணினியில் மாறித் தெரிகின்றன, படம் இணைத்திருக்கிறேன். உங்கள் திரையில் இதே பக்கங்கள் எப்படித் தெரிகின்றன என்று பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். எந்த எழுத்துருவில் அடித்தீர்கள், எந்த மென்பொருள் என்பதையும் சொல்லுங்கள். எழுத்துருக் கோப்பு உங்களிடம் இருந்தால், அதை எங்களுக்குத் தர உரிமம் இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். நீங்கள் மெய்ப்பைப் பார்த்துச் சரி என்று எழுதி அனுப்பிய பிறகே பிளேட் எடுப்போம்."